ஒரு கை போதும்

1910 மார்ச் மாதம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ நகரத்து ராணுவ முகாம். அமெரிக்க ராணுவத்திடம் அன்றைக்கு இருந்தது மொத்தமே ஒரு விமானம். ரைட் சகோதரர்கள் செய்து கொடுத்தது. அதைப் பறக்கவிடும் பொறுப்பு லெப்டினன்ட் பெஞ்சமின் ஃபுலாயிடம் வந்து சேர்ந்தது. அதற்கு முன் அவர் தனியாகப் பறந்ததே இல்லை. சந்தேகம் வரும்போதெல்லாம் ரைட் சகோதரர்களுக்குக் கடிதம் போடுவார். பதில் கடிதம்தான் அடுத்த பாடம். அந்த விமானத்தில் விமானிக்கென்று அறை கிடையாது. கீழ் இறக்கையின் விளிம்பில், திறந்த வெளியில் உட்கார்ந்தபடி ஓட்ட வேண்டும். கரடுமுரடான மைதானத்தில் தரையிறங்கிய ஒரு தடவை, விமானம் வெடுக்கென்று குலுங்கி வேகம் இழந்தது. ஃபுலாயின் உடல் வேகம் இழக்கவில்லை.

மயிரிழையில் தப்பினார். நடந்தது ஒன்றும் புதிய விஷயம் அல்ல. 1687-ல் வெளியான ‘பிரின்சிபியா’ நூலில் ஐசக் நியூட்டன் அதை முதல் விதியாகவே எழுதி வைத்திருந்தார். ஓடுகிற பொருள், ஏதாவது ஒரு விசை வந்து தடுக்கும்வரை அதே வேகத்தில், அதே திசையில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். விமானத்தைத் தரை தடுத்தது. ஃபுலாயைத் தடுக்க எதுவுமே இல்லை. குதிரைப்படைக்குச் சேணம் தைக்கும் பட்டறைக்குப் போய் நாலடி நீளத்தில் ஒரு தோல் வார் கேட்டு வாங்கினார். அதனால் தன்னை இருக்கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மறுபடி பறந்தார். பிரச்சினை தீர்ந்ததாகத் தோன்றியது. ஏழே ஆண்டுகளில், அதே டெக்சாஸ் வானத்தில், அந்த வாரின் இன்னொரு முகம் தெரிந்தது.

1917. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஹ்யூ டிஹேவன் என்ற அமெரிக்க இளைஞர், ராயல் ஃபிளையிங் கோர் படையின் கனடா பிரிவில் சேர்ந்து விமானப் பயிற்சி எடுத்துவந்தார். பயிற்சியின்போது அவருடைய விமானம் நடுவானில் இன்னொரு விமானத்தோடு மோதிக் கீழே விழுந்தது. கால்கள் முறிந்தன, கல்லீரலும் கணையமும் பித்தப்பையும் கிழிந்தன. பிழைத்தது அதிர்ஷ்டம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். மாதக்கணக்கில் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த டிஹேவனுக்கு அந்தப் பதில் போதவில்லை. விமானி அறை பெரும்பாலும் நசுங்காமல் இருந்ததே, பிறகு வயிற்றை மட்டும் கிழித்தது எது? யோசிக்க யோசிக்க ஒரே ஒரு குற்றவாளிதான் மிஞ்சியது. தன்னைக் காப்பாற்ற இடுப்பில் கட்டியிருந்த வாரின் கூர்முனைப் பக்கிள்.

அந்தச் சந்தேகத்தைச் சொன்னபோது காதுகொடுத்துக் கேட்டவர் எவருமில்லை. விபத்து என்றால் விதி, பிழைத்தால் அதிர்ஷ்டம் என்பதே அன்றைய மருத்துவர்களின் எண்ணமும் பொறியாளர்களின் எண்ணமும். டிஹேவன் வேறு தொழிலுக்குப் போனார். கருவிகள் கண்டுபிடித்து நன்றாகச் சம்பாதித்தார். ஆனாலும் அந்தப் பக்கிள் அவரை விடவில்லை. 1930-களில் மீண்டும் அதைக் கையில் எடுத்தார். பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் இல்லை. தன் வீட்டுச் சமையலறையில் தரையில் ரப்பர் விரிப்பைப் போட்டு, மேலிருந்து கோழிமுட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே போட ஆரம்பித்தார்.

முட்டைகள் உடையவில்லை. உயரத்தைக் கூட்டிப் பார்த்தார். விரிப்பு சரியான தடிமனில் இருந்தால் அப்போதும் உடையவில்லை. அடுத்ததாக, மனிதர்கள் உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்த சம்பவங்களைத் தேடித்தேடிச் சேகரித்தார். 50 அடி முதல் 150 அடி வரை உயரமுள்ள இடங்களிலிருந்து விழுந்தும் சிலர் உயிரோடு இருந்தார்கள். ஒருவர் விழுந்தது அப்போதுதான் கொத்திவிட்ட தோட்ட மண்ணில். மண்ணில் சில அங்குலம் பள்ளம் விழுந்திருந்தது. 1942-ல் ‘வார் மெடிசின்’ என்ற மருத்துவ இதழில் டிஹேவனின் கட்டுரை வெளிவந்தது. பிழைத்தவர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒன்று கிடைத்திருந்ததாக அது காட்டியது. தெய்வ அருள் என்று ஊர் சொன்னதை டிஹேவன் அங்குலக் கணக்கில் அளந்து காட்டினார்.

கிடைத்தது, நிற்பதற்கான தூரம். இங்கேதான் நியூட்டனின் இரண்டாவது விதி வருகிறது. ஒரு வேகத்தை எவ்வளவு குறுகிய தூரத்தில் இழக்க வேண்டியிருக்கிறதோ, அவ்வளவு பெரிய விசை உடலின் மேல் இறங்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் சுவரில் மோதுவது, 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அந்த வேகத்தை ஒரு தலை, டேஷ்போர்டில் இடித்து 5 சென்டிமீட்டரில் இழந்தால், தன் எடையைப்போல் சுமார் 280 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். அதே வேகத்தை 60 சென்டிமீட்டரில் இழந்தால் 24 மடங்கு போதும். முன்னது மரணம், பின்னது காயத்தோடு முடியும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது இரண்டடி கூட இல்லை. அந்த இரண்டடியைக் காருக்குள் எங்கே தேடுவது?

தூரம் காரிடமே இருந்தது. மோதும்போது காரின் முன்பகுதி நசுங்குகிறது. நசுங்கும் ஒவ்வொரு அங்குலமும் நிற்பதற்கான தூரம். ஆனால் அந்தத் தூரம் காரோடு பிணைந்திருப்பவருக்குத்தான் கிடைக்கும். பிணையாமல் உட்கார்ந்திருப்பவர், கார் நசுங்கிக்கொண்டிருக்கும்போதே பழைய வேகத்தில் முன்னால் பறக்கிறார். கார் நின்ற பிறகு ஸ்டீயரிங்கிலோ கண்ணாடியிலோ போய் மோதுகிறார். முதல் மோதல் காருடையது, இரண்டாவது மோதல் உடலுடையது. உடல் நின்ற பிறகும் உள்ளே மூளையும் கல்லீரலும் ஓடிப்போய் எலும்பில் மோதுவது மூன்றாவது. கொல்வது பெரும்பாலும் பின்னிரண்டும்தான். விமானத்தில் இருந்த வாரைக் காருக்குக் கொண்டுவந்தால் போதும் என்ற எண்ணம் அமெரிக்காவில் சிலருக்கு உதித்தது. கொண்டுவந்த நிறுவனம் கையைச் சுட்டுக்கொண்டது.

1949-ல் நாஷ் என்ற அமெரிக்கக் கார் நிறுவனம் தன் கார்களில் இடுப்பு வாரை வைத்து விற்றது. சுமார் 40,000 கார்களில் வார் போனது. வாங்கியவர்களில் பலர் திரும்பிவந்து அதைக் கழற்றித் தரச் சொன்னார்கள். வார் இருக்கிறது என்றாலே அது ஆபத்தான கார் என்ற சந்தேகம் வந்துவிட்டது. ஓட்டுவது காரா, விமானமா என்று கேட்கிற காலம். சாலையில் ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதற்குக் காரணம் ஓட்டுநரின் கவனக்குறைவு என்பதோடு பேச்சு முடிந்தது. அந்தப் பேச்சைத் திருப்பிவிடப்போகும் ஒரு ராணுவ மருத்துவர், கலிஃபோர்னியாவின் பாலைவனத்தில் தண்டவாளத்து வண்டி ஒன்றில் தன்னைத்தானே கட்டிக்கொண்டிருந்தார்.

ஜான் பால் ஸ்டாப், அமெரிக்க விமானப்படை மருத்துவர். 18 மடங்கு ஈர்ப்பு விசைக்கு மேல் மனித உடல் தாங்காது என்பது அன்றைய நம்பிக்கை. விமானங்களின் இருக்கைகளும் அந்தக் கணக்கை வைத்தே செய்யப்பட்டன. ஸ்டாப் 1947-ல் ராக்கெட் பூட்டிய ஒரு வண்டியைத் தண்டவாளத்தில் ஓட்டி, திடீரென்று நிறுத்தி, அந்தக் கணக்கைச் சோதிக்கத் தொடங்கினார். முதலில் உட்காரவைத்தது ஒரு பொம்மையை, பெயர் ஆஸ்கர். ஒரு சோதனையில் ஆஸ்கரை இலேசாக மட்டும் கட்டியிருந்தார்கள். வண்டி நின்றது, ஆஸ்கர் முன்னாலிருந்த மரப்பலகையை உடைத்துக்கொண்டு சுமார் 700 அடி தாண்டிப் போய் விழுந்தது. நியூட்டனின் முதல் விதியை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அடுத்து அந்த இருக்கையில் யார் உட்காருவது என்ற கேள்வி வந்தபோது ஸ்டாப் வேறு யாரையும் கேட்கவில்லை.

ஆண்டுக்கணக்கில் அவரே உட்கார்ந்தார். விலா எலும்புகள் முறிந்தன, மணிக்கட்டு முறிந்தது, கண்ணில் ரத்தம் கட்டியது. 1954 டிசம்பர் 10. நியூ மெக்சிகோவின் ஹாலோமன் விமானப்படைத் தளம். ஒன்பது ராக்கெட்டுகள் பூட்டிய வண்டி மணிக்கு 1,017 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது, பிறகு 1.4 நொடியில் நின்றது. பார்வை போய்விடலாம் என்று எதிர்பார்த்து, இருட்டில் உடை மாற்றிக்கொள்ளக்கூட அவர் முன்பே பழகிவைத்திருந்தார். இறக்கியபோது கண்கள் ரத்தமாக இருந்தன, எதுவும் தெரியவில்லை. அவர் உடல் தாங்கியது 46.2 மடங்கு ஈர்ப்பு விசை. பார்வை மெல்லத் திரும்பியது. உடலை இருக்கையோடு அகலமான வார்களால் இறுகக் கட்டினால் மனிதன் இந்த விசையைத் தாங்குவான் என்று நிரூபணமானது. உலகின் அதிவேக மனிதர் என்று பத்திரிகைகள் கொண்டாடின. அவருடைய கவலையோ வேறொரு கோப்பில் இருந்தது.

விமானப்படை வீரர்களின் மரணக் கணக்கைப் புரட்டியபோது, விமான விபத்தில் இறந்தவர்களைவிடக் கார் விபத்தில் இறந்தவர்கள் அதிகம் என்று தெரிந்தது. ஜெட் விமானத்தில் தப்பிய வீரன் வார இறுதியில் வீட்டுக்குப் போகும் வழியில் சாகிறான். ஸ்டாப் கார்களை மோதவிட்டுச் சோதிக்க ஆரம்பித்தார். 1955-ல் கார் மோதலை ஆராய்வோருக்காக ஒரு மாநாட்டையே தொடங்கினார். அடுத்த ஆண்டு ஃபோர்டு நிறுவனம் துணிந்தது. மெத்தை வைத்த டேஷ்போர்டு, மார்பில் குத்தாத ஸ்டீயரிங், கூடுதல் காசு கொடுத்தால் இடுப்பு வார் என்று விளம்பரம் செய்தது. போட்டி நிறுவனமான செவர்லேவோ அழகையும் வேகத்தையும் காட்டி அதிகக் கார்களை விற்றது. பாதுகாப்பு விலைபோகாது என்ற முடிவுக்கு, அமெரிக்கக் கார் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட் வந்துவிட்டது. கதை அங்கேயே முடிந்திருக்கும், கடல் கடந்து ஸ்வீடனில் ஒரு மின்சார வாரியம் தன் ஊழியர்களை இழந்துகொண்டிருக்காவிட்டால்.

ஸ்வீடன் அரசின் மின்சார நிறுவனம் வாட்டன்ஃபால். நாடு முழுக்க அணைகளும் மின்கம்பிகளும். ஊழியர்கள் காரில் அலைந்தபடியே இருப்பார்கள். வேலையிடத்து ஆபத்துகளை நிறுவனம் கவனமாகக் குறைத்துவந்தது. ஆனால் சாலையில் ஊழியர்கள் சாவதைக் குறைக்க வழி தெரியவில்லை. பெங்ட் ஓடெல்கார்ட், பெர்-ஓலோஃப் வேமான் என்ற இரண்டு பொறியாளர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். அவர்கள் இடுப்பு வாரை விட்டுவிட்டு, தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குக் குறுக்காகப் போகும் ஒரு வாரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்குக் காரணம் உண்டு. இடுப்பை மட்டும் கட்டினால் இடுப்பு நிற்கும். மேலுடம்பு கத்திபோல் மடிந்து, தலை நேராக ஸ்டீயரிங்கில் போய் இடிக்கும். குறுக்கு வார் மார்பைப் பிடித்தது, தலை தப்பியது. வால்வோ நிறுவனமும் இந்தக் குறுக்கு வாரைத் தன் கார்களுக்கு எடுத்துக்கொண்டது. பிறகு அந்த நிறுவனத் தலைவரின் வீட்டுக்கே ஒரு துக்கச் செய்தி வந்தது.

குன்னார் எங்கெலாவ் 1956-ல் வால்வோவின் தலைவர் ஆனவர், அவரும் பொறியாளர்தான். அவருடைய உறவினர் ஒருவர் கார் விபத்தில் இறந்தார். வார் போடாததால் நேர்ந்த சாவு அல்ல. இரண்டு இடத்தில் மட்டும் பிணைத்த வாரின் குறையும் அதற்கு ஒரு காரணம். குறுக்கு வார் மார்பைப் பிடிக்கும், ஆனால் இடுப்பு பிடியில்லாமல் முன்னால் வழுக்கிப் போகும். உடல் வாரின் கீழே நழுவினால் அதே வார் விலாவையும் கழுத்தையும் அழுத்தும். பக்கிள் விலா எலும்பின் பக்கத்தில் வேறு வந்து நின்றது. இடுப்பு வார் தலையைக் கைவிட்டது, குறுக்கு வார் இடுப்பைக் கைவிட்டது. இரண்டையும் சேர்த்தால் என்ன என்று கேட்கலாம். கேட்டவர்களும் இருந்தார்கள், அவர்களில் ஒருவர் டிஹேவனேதான்.

ரோஜர் கிரிஸ்வால்ட் என்பவரோடு சேர்ந்து டிஹேவன் இடுப்பையும் மார்பையும் ஒன்றாகப் பிடிக்கும் ஒரு வாருக்கு 1955-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியிருந்தார். எண்ணம் சரி. ஆனால் வார்கள் எல்லாம் கூடும் பக்கிள் வயிற்றின் நடுவில் வந்து உட்கார்ந்தது. எலும்பின் காவல் இல்லாத மென்மையான இடம் அது. 1917-ல் எந்த இடத்தில் டிஹேவன் அடிபட்டாரோ, அந்த இடத்தை விட்டு பக்கிளை முழுவதுமாக விலக்க அந்த வடிவத்தால் முடியவில்லை. விலக்கப்போகிறவர் அப்போது கார் தொழிலிலேயே இல்லை. ஜெட் விமானத்திலிருந்து விமானிகளை வெளியே வீசுவது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

நில்ஸ் பூலின், 1920-ல் ஸ்வீடனின் ஹார்னோசாண்ட் நகரில் பிறந்தவர். 1942 முதல் சாப் விமான நிறுவனத்தில் வேலை. ஆபத்து நேரத்தில் விமானியை இருக்கையோடு சேர்த்து வானத்தில் எறியும் கருவிதான் அவருடைய துறை. 1958-ல் எங்கெலாவ் அவரை வால்வோவுக்கு அழைத்து வந்தார். வால்வோவின் முதல் பாதுகாப்புப் பொறியாளர் அவர்தான். விமானிகளுக்கு நாலு பக்கமும் வார் போட்டு இறுக்கிக் கட்டுவதில் கைதேர்ந்தவர் அவர். அதையே காருக்கும் வைத்திருந்தால் பொறியியல் வேலை ஒரே வாரத்தில் முடிந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை.

காரணம், ஆட்களைப் பற்றி அவருக்குத் தெரிந்த ஓர் உண்மை. உயிர் பிழைக்க எதை மாட்டச் சொன்னாலும் விமானி மாட்டிக்கொள்வான். கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிற மனிதன் ஒரு நிமிட அசௌகரியத்தைக்கூடப் பொறுக்கமாட்டான். அதனால் நியூட்டனின் விதிக்குக் கட்டுப்படுவதோடு, மனிதனின் சோம்பலுக்கும் இந்த வார் ஈடுகொடுக்க வேண்டும். ஒரே கையால் இழுத்து, ஒரே அசைவில் மாட்ட முடிய வேண்டும். முடியாவிட்டால் அது வெறும் அலங்காரம். இதையே போட்டு உருட்டினார். விடை, அளவெடுத்துப் பார்த்தால் மூன்றே மூன்று இடங்களில் இருந்தது.

ஒன்று, தோளுக்கு மேல் காரின் பக்கத் தூணில். இரண்டு, இருக்கைக்கு அருகே கீழே ஒரு பக்கம். மூன்று, அதற்கு எதிர்ப்பக்கம் இருக்கையோடு ஒட்டினாற்போல் தாழ்வாக. மேலே தொடங்கும் வார் மார்புக்குக் குறுக்காக இறங்கி, மூன்றாவது இடத்தில் பக்கிளைத் தொட்டு, அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல் படுத்து இரண்டாவது இடத்துக்குப் போகும். இரண்டு பகுதிகளும் கூடும் முனை தரையைப் பார்த்தபடி, இடுப்புக்குப் பக்கத்திலேயே கீழே நிற்கும். விசை இழுத்தாலும் வார் இடம் மாறாது. உடலில் வலுவான இடங்களான இடுப்பெலும்பும் மார்புக்கூடும் விசையைப் பங்கு போட்டுக்கொள்ளும். பக்கிள் வயிற்றை விட்டே போய்விட்டது. 41 ஆண்டுகளாக விடை கிடைக்காத டிஹேவனின் புகார் அதோடு தீர்ந்தது. 1958 ஆகஸ்டில் ஸ்வீடனில் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது.

1959 ஆகஸ்ட் 13. தென் ஸ்வீடனின் கிறிஸ்டியான்ஸ்டாட் நகரத்து விற்பனையாளரிடம் ஒரு வால்வோ பிவி544 கார் போய்ச் சேர்ந்தது. முன் இருக்கைகளில் பூலினின் வார் பொருத்தி, விற்பனைக்கு வந்த முதல் கார். இன்றைக்கு எந்த ஊர் காரில் ஏறினாலும் தோள் பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும், ‘கிளிக்’ என்று மாட்டும் சீட் பெல்ட் அதுதான். அடிப்படை வடிவம் அன்றிலிருந்து மாறவே இல்லை. உலகம் முழுக்கக் கார் விற்கும் அத்தனை நிறுவனங்களுக்கும் இது தேவைப்படும். காப்புரிமை வால்வோவின் கையில். ஒரு பெல்ட்டுக்கு ஒரு காசு என்று வாங்கியிருந்தாலும் மலைபோல் குவிந்திருக்கும். வால்வோ என்ன செய்தது என்பதுதான் இந்தக் கதையின் பெரிய திருப்பம்.

எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. எந்த நிறுவனம் வேண்டுமானாலும், ஒரு காசு தராமல், இதே வடிவத்தைத் தன் காரில் வைத்துக்கொள்ளலாம். போட்டியாளர்களின் கார்களில் போகிறவர்களின் உயிரும் உயிர்தான் என்று ஒரு வணிக நிறுவனம் நினைத்தது. அந்த முடிவுக்கு எத்தனை மரியாதை செய்தாலும் தகும். ஆனால் இலவசமாகக் கொடுத்தும் ஆட்கள் போட்டுக்கொள்ள முன்வரவில்லை. கார் தீப்பிடித்தால் மாட்டிக்கொள்வோம், தண்ணீரில் விழுந்தால் மூழ்கிவிடுவோம், மோதும்போது வெளியே தூக்கியெறியப்பட்டால்தான் தப்பலாம் என்று சொன்னார்கள். வாதாடிப் பயனில்லை என்று பூலினுக்குத் தெரிந்தது. அவர் எண்ண ஆரம்பித்தார்.

ஸ்வீடனில் வால்வோ கார்கள் சிக்கிய 28,000 விபத்துகளின் விவரங்கள் ஒன்றுவிடாமல் சேகரிக்கப்பட்டன. பெல்ட் போடாதவர்களில், மணிக்கு 20 கிலோமீட்டர் என்ற சைக்கிள் வேகத்திலேயே உயிர் போனவர்கள் இருந்தார்கள். பெல்ட் போட்டவர்களில், மணிக்கு சுமார் 96 கிலோமீட்டருக்குக் குறைவான வேகத்தில் இறந்தவர் ஒருவர்கூட இல்லை. 1967-ல் பூலின் இந்த அறிக்கையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், ஸ்டாப்பின் பெயரில் நடந்துவந்த அதே மாநாட்டில் வைத்தார். அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்திருந்தது. 1968 முதல் புதிய கார்களில் பெல்ட் கட்டாயம் ஆனது. எண்கள் வென்றன. ஆனாலும் ஒரு சின்னத் தொல்லை மிச்சமிருந்தது.

அந்தக் காலத்துப் பெல்ட்டை ஒவ்வொருவரும் தன் உடம்புக்கேற்ப இழுத்துச் சரிசெய்ய வேண்டும். இறுக்கினால் ரேடியோவுக்குக் கை எட்டாது. தளர்த்தினால் பெல்ட் போட்டும் பயனில்லை. 1960-களின் கடைசியில் பரவத் தொடங்கிய சுருள் உருளை இதைத் தீர்த்தது. சாதாரணமாகக் குனிந்தால் நிமிர்ந்தால் பெல்ட் கூடவே வரும், போகும். கார் சட்டென்று வேகம் இழந்தால் மட்டும் பூட்டிக்கொள்ளும். அந்த நொடியை அதற்குச் சொல்வது யார்? உருளைக்குள் ஒரு சிறு உலோகக் குண்டு அல்லது ஊசல் இருக்கிறது. கார் பிரேக் பிடிக்கும்போது அது மட்டும் பழைய வேகத்திலேயே முன்னால் நகர்ந்து, பல்சக்கரத்தின் பூட்டைத் தள்ளிவிடுகிறது. மனிதனை முன்னால் வீசுகிற அதே முதல் விதியையே காவலுக்கு நிறுத்தியாயிற்று. இனி பெல்ட்டின் மேல் சொல்ல ஒரு குறையும் இல்லை. அப்படியும் அது இருக்கையிலேயே தொங்கியது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1969-ல் 1,034 பேர் சாலையில் இறந்தார்கள். மெல்பர்னின் ‘தி சன்’ நாளிதழ் அந்த எண்ணையே எதிரியாக அறிவித்து ஒரு பிரசாரம் நடத்தியது. 1970 டிசம்பரில் அந்த மாநிலம், உலகிலேயே முதன்முதலாக, காரில் போகிறவர் பெல்ட் போடாவிட்டால் குற்றம் என்று சட்டம் போட்டது. அமெரிக்கா குறுக்குவழி தேடியது. 1974 மாடல் கார்களில் பெல்ட் போட்டால்தான் எஞ்சின் கிளம்பும் என்று வைத்தார்கள். மளிகைப் பையை முன்சீட்டில் வைத்தால்கூடக் கார் கிளம்ப மறுத்தது. மக்கள் கொந்தளித்தார்கள்; அதே ஆண்டிலேயே நாடாளுமன்றம் அந்த விதியைத் தூக்கி எறிந்தது. ஒவ்வொரு நாடாக விக்டோரியாவின் வழிக்கே வந்தது. 1985-ல் ஜெர்மன் காப்புரிமை அலுவலகம், கடந்த நூறாண்டில் மனித குலத்துக்கு அதிகம் பயன்பட்ட எட்டுக் காப்புரிமைகளில் ஒன்றாகப் பூலினுடையதைச் சேர்த்தது. 2002 செப்டம்பர் 21 அன்று அமெரிக்காவின் கண்டுபிடிப்பாளர் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. விழா மேடையில் அவர் இல்லை.

அதே நாளில், 82-வது வயதில், ஸ்வீடனில் அவர் காலமானார். அவருடைய பெல்ட் குறைந்தது பத்து லட்சம் உயிர்களைக் காப்பாற்றியிருக்கும் என்பது வால்வோவின் மதிப்பீடு. கார்களின் முன்சீட்டில் உயிர் போகும் வாய்ப்பைப் பெல்ட் ஏறக்குறைய பாதியாக, 45 சதவீதம், குறைக்கிறது என்று அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பும் கணக்கிட்டது. காற்றுப்பை வந்த பிறகும் இந்தக் கணக்கு செல்லும். ஏனென்றால், உடலைப் பெல்ட் பிடித்து நிறுத்தியிருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் காற்றுப்பை வெடித்து விரிகிறது. இந்தியாவில் 2019-ன் திருத்தச் சட்டம் பெல்ட் போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்றது. முன்சீட்டில் பழக்கம் வந்தது. பின்சீட்டை யாரும் நினைக்கவில்லை, 2022 செப்டம்பர் 4 வரை.

அன்று மும்பைக்கு அருகே பால்கர் மாவட்டத்தில் ஒரு பாலத்தின் தடுப்பில் கார் மோதியது. டாடா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரியும் பின்சீட்டில் கூட இருந்தவரும் இறந்தார்கள். முன்சீட்டில் இருந்த இருவர் பிழைத்தார்கள். பின்னால் இருந்த இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸ் விசாரணை சொன்னது. பின்சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம் என்பது மோட்டார் வாகன விதிகளில் ஏற்கெனவே இருந்த ஒன்று. அன்றுதான் நாடு அதைத் திரும்பிப் பார்த்தது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, காரோடு பிணைந்திருந்தாலே அவரைப் பிடித்து நிறுத்த சுமார் 1,400 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். எந்தக் கையும் அதைத் தாங்காது. மடியில் வைத்த குழந்தையையும் அணைத்த கை பிடித்து நிறுத்தாது. கட்டப்படாமல் பின்னால் இருப்பவர் முன்னால் பறந்து, பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவரையும் சேர்த்தே நசுக்கிவிடுவார்.

முன்சீட்டுக்கு ஒரு நியூட்டன், பின்சீட்டுக்கு ஒரு நியூட்டன் கிடையாது. அபராதத்துக்குப் பயந்து ஓட்டுநர் மாட்டிக்கொள்ளும் பெல்ட், பின்னால் இருக்கும் தாத்தா பாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் அதே அளவு தேவை. கிழிந்த வயிறும் முறிந்த விலாவும் ரத்தம் கட்டிய கண்ணுமாகச் சிலர் சேர்த்துக் கொடுத்த அறிவை, இன்னொருவர் ஒரு கையால் இழுக்கும் அளவுக்கு எளிதாக்கினார். ஒரு நிறுவனம் அதை உலகத்துக்கே விலையில்லாமல் கொடுத்தது. எல்லாரும் தங்கள் பங்கைச் செய்து முடித்துவிட்டார்கள். காரில் ஏறுகிறவரின் பங்குக்கு ஆகும் செலவு, இரண்டு நொடி.